வானம்பாடி ரொட்டி

உட்கார்ந்து எழுதற பொறுமை எனக்கு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. நாலு வரி எழுதினா எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன். அடுப்புல ஒண்ணும் இருக்காது. அப்படிப்பட்டவகிட்ட வந்து ஒரு ஊரோட வரலாறு எழுதிக் குடுங்கன்னு கேட்டா என்ன பண்றது?

கேட்டவங்க பிரான்சுல வடக்கு ஓரத்துல இருக்கற ஒரு சின்ன கரிச்சுரங்க ஊர்க்காரங்க. நான் பொறந்தது அங்கதான். பதினொரு வயசு வரைக்கும் அங்கயே வளர்ந்தேன். அப்புறம் அப்பா எங்களைக் கூட்டிக்கிட்டுப் புதுச்சேரிக்கே திரும்பிட்டாரு. இப்ப எனக்கு அம்பத்தேழு வயசு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாச்சு, அம்மாவும் போயாச்சு. வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்துத் தெருவுல, எண்பத்தஞ்சு வயசு அப்பாவோட கீழ்வீட்டுல இருக்கேன். மாடியில மகன், மருமகள், அஞ்சு வயசுப் பேத்தி.

அந்த ஊர்க்காரங்க மெயில்ல எழுதியிருந்தது இதுதான். சுரங்கத்தை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு, பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. அதனால தெருவுல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும், அந்த வீட்டுல குடியிருந்தவங்க எந்த தேசத்துல இருந்து வந்தாங்கன்னு சின்னதா ஒரு பலகை வைக்கப் போறாங்களாம். எங்க வீட்டுக்கு "மொரோக்கோ"ன்னு எழுதி வெச்சிருக்காங்க, ஆனா சந்தேகமா இருக்கு, சரிபார்த்து உங்க ஞாபகத்தையும் ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தாங்க.

வந்துச்சே எனக்குக் கோபம். பதினேழு வருஷம் எங்கப்பா அந்த மண்ணுக்கு அடியில கிடந்திருக்காரு, நாங்க எங்க இருந்து வந்தோம்னுகூடத் தெரியலையா இவங்களுக்கு? அந்தக் கோபத்துல நோட்டை எடுத்தேன். கோபம் இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும்.

ஊரோட கதையைச் சொல்லணும்னா சுரங்கக் குழியில இருந்துதான் சொல்லணும். அந்தக் குழிக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். அதுக்கு முன்னால அங்க பீட்ரூட் போடற விவசாயிங்க மட்டும் இருந்தாங்க. கரி கிடைச்சதும் கம்பெனிக்காரன் வயலுக்கு நடுவுல செங்கல் வீடா வரிசை வரிசையா கட்டிட்டான். எல்லாம் ஒரே அச்சு. சின்ன வயசுல ரெண்டு தடவை நான் வேற வீட்டுக்குள்ள போய் எங்க அம்மாவைத் தேடியிருக்கேன். வீட்டுக்குப் பின்னால நீளமா ஒரு துண்டு தோட்டம், அது முடியற இடத்துல கக்கூஸ். ஊர் எல்லையில கறுப்பா ஒரு மலை. சுரங்கத்துல இருந்து வெட்டி எடுத்த வேண்டாத கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி ஆன மலை. உள்ளுக்குள்ள சூடு இருந்துக்கிட்டே இருக்கும், மழை பெஞ்சா அதுல இருந்து புகை வரும். அதுமேல அட்டையைப் போட்டுச் சறுக்கி வந்து அம்மாகிட்ட அடி வாங்குவோம்.

வீடு கட்டியாச்சு, ஆள் வேணுமே. முதல்ல பெல்ஜியத்துக்காரங்க வந்தாங்களாம். அப்புறம் போலந்துக்காரங்க. அவங்க தனித்தனியா வரல, ஊரோட கிளம்பி வந்திருக்காங்க, சர்ச்சுச் சாமியார், வாத்தியக் கோஷ்டி, ஊறப்போட்ட முட்டைக்கோசு பீப்பாய் எல்லாத்தையும் கூடவே கொண்டுவந்து. அடுத்து இத்தாலிக்காரங்க. எங்க தெருவுல முதல் முதல்ல பாட்டுப் பாடிக்கிட்டே துணி துவைச்சது அவங்கதான்னு மத்தவங்க சொல்வாங்க. அவங்களுக்கு அப்புறம் அல்ஜீரியா, மொரோக்கோ. கடைசியா வந்து இறங்கினது நாங்க. ஒரே ஒரு குடும்பம்.

அப்பா அங்க போனது பெரிய திட்டம் போட்டெல்லாம் இல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்துல மூணு வருஷம் இருந்தாரு. பட்டாளத்தை விட்டு வெளியில வந்தப்ப கூட இருந்த ஒருத்தன், எங்க ஊர்ல குழியில வேலை இருக்கு, வர்றியான்னு கேட்டிருக்கான். திரும்பி வந்தா இங்க பஞ்சு மில்லு, அங்க கரிக்குழி. ரெண்டுல ஒண்ணுன்னு யோசிச்சு அங்கயே தங்கிட்டாரு. அப்புறம் இங்க வந்து அம்மாவைக் கட்டிக் கூட்டிக்கிட்டுப் போனாரு. புடவை மேல ரெண்டு ஸ்வெட்டர், கால்ல ரப்பர் பூட்ஸு, இப்படித்தான் எங்கம்மா அந்த ஊர்ல பத்துப் பதினஞ்சு வருஷம் நடமாடினது. கம்பெனி வருஷத்துக்குச் சில தடவை இலவசக் கரியை லாரியில கொண்டுவந்து வாசல்ல குவிச்சுட்டுப் போயிடும். பொழுது சாயறதுக்குள்ள அதைக் கூடையில அள்ளி உள்ள போடணும். அம்மாவும் எதிர்வீட்டுப் போலந்துக்காரம்மாவும் சேர்ந்துதான் அள்ளுவாங்க. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்கம்மாவுக்குப் போலிஷ் தெரியாது, ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனா ஊர்ல யார் யாரைப் பத்தி என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேருக்கும் அத்துப்படி.

அப்பா வேலைக்குப் போறப்ப ரெண்டு துண்டு ரொட்டி, நடுவுல வெண்ணெய், வெண்ணெய்க்கு மேல அம்மா அரைச்ச மிளகாய்த் துவையல். குழிக்கு உள்ள எவ்வளவு பசிச்சாலும் கடைசித் துண்டைத் தின்னக் கூடாது. அதை மிச்சம் வெச்சு வீட்டுக்குக் கொண்டுவரணும். அந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் இதுதான் வழக்கம். "வானம்பாடி ரொட்டி"ன்னு அதுக்குப் பேரு. வர்ற வழியில வானம்பாடி குடுத்தனுப்புச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. பசங்க நம்புவோம். ஷிஃப்ட் முடியற சங்கு ஊதினதும் வாசல்ல போய் நின்னுக்குவேன். அப்பா பையில இருந்து அந்தத் துண்டை எடுத்துக் குடுப்பாரு. காஞ்சு போய் விறைப்பா இருக்கும். கரி வாசனை, இரும்பு வாசனை, அதுல கொஞ்சம் எங்கம்மாவோட துவையல் வாசனை. அதை மாதிரி ருசியா ஒண்ணை நான் அப்புறம் தின்னதே இல்ல.

இதுவரைக்கும் கை நிக்காம ஓடுச்சு. அடுத்து எதிர்வீட்டுக்காரரைப் பத்தி எழுத ஆரம்பிச்சேன். அந்தப் போலந்துக்காரம்மாவோட புருஷன். அம்பது வயசுகூட ஆகல, அதுக்குள்ள வேலைக்குப் போக முடியாம வீட்டுல உட்கார்ந்துட்டாரு. பந்தயப் புறா வளர்த்தாரு. தோட்டத்துல புறாக்கூண்டுக்கு ஏற ஒரு ஏணி இருந்துச்சு. நான் பார்க்க ஆரம்பிச்சப்ப முழு ஏணியும் ஏறுவாரு. அப்புறம் பாதி ஏணியில நின்னுக்குவாரு. அப்புறம் மூணாவது படியிலயே நின்னு, சூடான காபியை ஊதற மாதிரி வாயைக் குவிச்சுக்கிட்டு மூச்சு விடுவாரு. இருமல் வேற. சளி இல்லாத, அடியில இருந்து சொறண்டிக்கிட்டு வர்ற இருமல். கல்லு வெட்டற தூசு நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்துக்கறதாலன்னு சொல்வாங்க. சுரங்க டாக்டர் வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சுல எவ்வளவு தூசுன்னு சதவீதம் போட்டுக் குடுப்பாரு. ரொட்டி வண்டிகிட்ட நிக்கற பொம்பளைங்க, உன் வீட்டுக்காரருக்கு எத்தனைன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க.

வாயைக் குவிச்சுக்கிட்டுன்னு எழுதினேன் பாருங்க, அப்ப பக்கத்து ரூம்ல அப்பா இருமினாரு.

பேனாவைக் கீழ வெச்சுட்டேன். எழுந்து போய்க் கதவோரம் நின்னு பார்த்தேன். பாத்ரூம்ல இருந்து நாற்காலி வரைக்கும் நடந்து வந்தவரு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, வாயைக் குவிச்சு ஊதிக்கிட்டு இருந்தாரு. எட்டு மாசமா தினம் பார்க்கறேன். அன்னிக்குத்தான் பார்த்தேன்.

எட்டு மாசக் கதையைச் சொல்லிடறேன். போன வருஷம் அப்பாவுக்கு இருமல் நிக்கலன்னு ஒரு நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் திட்டுத்திட்டா இருந்துச்சு. சளியில கிருமி தெரியல, ஆனா வயசானவரு, எடை குறையுது, டி.பி.யாதான் இருக்கணும்னு மாத்திரை ஆரம்பிச்சாங்க. ஒண்ணுக்கு சிவப்பா போச்சு, நாக்கு செத்துப்போச்சு, சோத்தைப் பார்த்தாலே குமட்டுச்சு அவருக்கு. நான் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சேன். பேத்தியைக் கீழ விடல. எப்பவும் எதைச் சாப்பிட்டாலும் ஒரு ஓரம் மிச்சம் வைக்கறது அப்பா பழக்கம். பாதி இட்லி, கால் பிஸ்கட், ஏதாவது ஒண்ணு. யாருக்குங்க வெக்கறீங்கன்னு அம்மா இருந்த வரைக்கும் திட்டுவாங்க. அந்த மிச்சத்தை எட்டு மாசமா நான் பேப்பர்ல சுத்திக் கட்டிக் குப்பையில போட்டு, சோப்பு போட்டுக் கை கழுவினேன். அவரு பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாரு.

அவ்வளவு பண்ணியும் இருமல் அப்படியே இருந்துச்சு. மறுபடி எடுத்த எக்ஸ்ரேல திட்டு ஒண்ணுகூடக் குறையல. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யா இருக்கலாம், திங்கக்கிழமை வாங்க, வேற மாத்திரைக்கு மாத்திடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது கடுமையான மருந்தாம். கண்ணு, நரம்பு, கிட்னி எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டேதான் குடுக்கணுமாம். இந்த வயசுல உடம்பு தாங்குமான்னு அவருக்கே தயக்கம். நான் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தது அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

அந்த டாக்டர் மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. முதல் நாளே அவரு தெளிவா கேட்டாரு, ஐயா என்ன வேலை பார்த்தாருன்னு. பதில் சொன்னது நான். பிரெஞ்சுப் பட்டாளம்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா, வாய்ப் பழக்கம். எங்க ஊர்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து வந்தவங்களை "சொல்தா"ன்னு சொல்வோம். சொல்தா வீடுன்னா தனி மரியாதை. எனக்கு இருபத்திரெண்டு வயசுல ஒரு சம்பந்தம் வந்துச்சு, அதுதான் முடிஞ்சுது. மாப்பிள்ளையோட அப்பா அசல் சொல்தா, மெடல் எல்லாம் கண்ணாடிச் சட்டத்துல மாட்டி வெச்சிருந்தாங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப, காபி குடுக்கப் போன என்னைப் பார்த்து மாப்பிள்ளையோட அம்மா, உங்கப்பா பிரான்சுல எதுல இருந்தாருன்னு கேட்டாங்க. நான் பட்டுன்னு பட்டாளத்துலன்னு சொல்லிட்டேன். மூணு வருஷம் இருந்தது நிஜந்தானே. கரி அள்ளினவரு பொண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்பா எதிர் நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. என்னை ஒரு தடவை பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல. குழியை விட்டு வந்தப்ப கூட்டாளிங்க அவருக்குக் குடுத்த பித்தளைச் சுரங்க விளக்கு ஒண்ணு அலமாரியில இருக்கும், வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுவாரு. மறுநாள் அது பரண் மேல போயிடுச்சு. அன்னியில இருந்து அவரும் சொல்தாதான். அப்புறம் நாங்க குடிவந்த இந்தத் தெருவுக்கு வேற எதுவும் தெரியாது. சரி, அவருக்கும் இந்த மரியாதை பிடிச்சிருக்குன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.

சனிக்கிழமை முழுக்க எனக்கு ஒரு இடத்துல கால் நிக்கல. கீரை வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். கீரையை விட்டுட்டு, வீட்டுல யாருமே தின்னாத நண்டை வாங்கி வெச்சிருந்தேன். ஷேர் ஆட்டோல ஏறினேன், பாதி வழியில இறங்கினேன், நண்டுப் பையோட கடற்கரை ரோட்டுக்கு நடந்தேன். அங்க பிரெஞ்சுக்காரங்க காலத்துப் போர் நினைவுத் தூண் இருக்குது. வருஷா வருஷம் ஜூலை பதினாலு, பிரான்சோட தேசிய நாள் அன்னிக்கு வயசான சொல்தாங்க எல்லாம் மெடல் குத்திக்கிட்டு அங்க வந்து வரிசையா நிப்பாங்க. அப்பாவையும் நான்தான் சட்டை தேச்சுப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவேன். அவரு எப்பவும் கடைசி ஆளா, வரிசையில இருந்து ஒரு அடி பின்னால நிப்பாரு. முன்னால வாங்கப்பான்னு நான் கையைக் காட்டுவேன், வரமாட்டாரு. கூச்சம்னு நெனச்சேன். அந்தத் தூணுக்கு முன்னால நின்னுக்கிட்டு என்னை நானே திட்டிக்கிட்டேன். மாமனார் போய்ட்டாரு, மாமியார் போய்ட்டாங்க, கட்டினவரும் போய்ட்டாரு. இனிமே யார் வந்து என் சம்பந்தத்தை முறிக்கப் போறாங்க? யாருக்காகடி இந்தப் பொய்யைக் கட்டிக்கிட்டு அழற?

ஆனா பயம் வேற மாதிரி இருந்துச்சு. இவரு முப்பத்தஞ்சு வருஷமா சொல்தாவா வாழ்ந்துட்டாரு. இப்ப டாக்டர் முன்னால நான் வாயைத் திறந்து, இல்லீங்க இவரு கரி வெட்டினவருன்னு சொன்னா, கடைசிக் காலத்துல அவரு மானத்தை நானே வாங்கின மாதிரி ஆயிடாதா? சொல்லாம விட்டா அந்த மாத்திரை அவரைத் தின்னுடும். சொன்னா அவரு என்னோட பேசமாட்டாரு. ரெண்டும் மாத்தி மாத்தி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டூல் போட்டு ஏறி அந்த விளக்கைப் பரண்ல இருந்து எறக்கினேன். அப்பா பார்த்துட்டாரு. எதுக்குன்னு கேட்டாரு. தூசு தட்டலாம்னு எறக்கினேன்னு சொன்னேன். கையில வாங்கிப் பார்த்து, கண்ணாடியைச் சட்டை நுனியால துடைச்சு, திரி இருக்குதான்னு பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு. இதுதான் சமயம்னு, அப்பா நாளைக்கு டாக்டர்கிட்டன்னு ஆரம்பிச்சேன். வெள்ளைச் சட்டையைத் தேச்சு வெச்சுடு பாப்பான்னு சொல்லிட்டு டி.வி.யைப் போட்டுட்டாரு. நானும் போய்ச் சட்டையைத் தேச்சேன். அந்தச் சட்டையை ரெண்டு தடவை தேச்சேன்.

திங்கக்கிழமை டாக்டர் எதிர்ல உட்கார்ந்தோம். அவரு பழைய சீட்டைப் புரட்டினாரு, எடை கேட்டாரு, புதுச் சீட்டை எடுத்து மாத்திரைப் பேரை எழுத ஆரம்பிச்சாரு. முதல் மாத்திரை எழுதினாரு. ரெண்டாவது எழுதினாரு. அப்பா பக்கம் திரும்பவே இல்ல நான்.

"டாக்டர், எங்கப்பா பட்டாளத்துல மூணு வருஷந்தான் இருந்தாரு. மீதியெல்லாம் கரிச்சுரங்கம். நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் எழுதறதை நிறுத்திட்டாரு. எத்தனை வருஷம்னு என்னைத்தான் கேட்டாரு. பதில் அப்பாகிட்ட இருந்து வந்துச்சு.

"பதினேழு வருஷம். பாறையில துளை போடற வேலை."

குரல்ல கோபம் இல்ல, கூச்சம் இல்ல. மிஷினை எப்படித் தோள்ல முட்டுக் குடுத்துப் பிடிக்கணும்னு கையாலயே காட்டினாரு. மூஞ்சிக்கு நேரா தூசு வருமான்னு டாக்டர் கேட்டதுக்கு, பக்கத்துல நிக்கறவன் தெரியமாட்டான்னாரு. டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. எழுதின சீட்டை ஓரமா தள்ளி வெச்சுட்டு, இன்னிக்கே ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, பார்த்துட்டுப் பேசுவோம்னாரு. முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மான்னு மட்டும் மெதுவா கேட்டாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

ஸ்கேன் எடுத்துட்டு வெராண்டா பெஞ்சுல காத்துக்கிட்டு இருந்தோம். யாரோ விக்கற டீயை வாங்கிக் குடுத்தேன், குடிச்சாரு. திட்டுவாரு, திட்டட்டும்னு உட்கார்ந்திருந்தேன். திட்டல. உங்களுக்கு இது என்னன்னு தெரியுமாப்பான்னு நானே கேட்டேன். தெரியும்னாரு. எதிர்வீட்டுக்காரன் ஏணியில நின்ன மாதிரி என் வீட்டுப் படியில நான் நிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும்னாரு. ஊரை விட்டு வரும்போதே சுரங்க டாக்டர் அவருக்கும் ஒரு சதவீதம் போட்டுத்தான் அனுப்பியிருக்காரு. அம்மாவுக்கு மட்டும் தெரியுமாம். அப்புறம் எதுக்கு எட்டு மாசமா அந்தக் கண்றாவி மாத்திரையை முழுங்கினீங்கன்னு கேட்டேன். கேக்கறப்பவே எனக்கு அழுகை வந்துடுச்சு.

"நீ பட்டாளம்னு சொல்லிட்ட பாப்பா. வெளி மனுஷங்க முன்னால எம் பொண்ணைப் பொய்க்காரின்னு நான் எப்படிச் சொல்றது? பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கும் சொல்லல."

எனக்கு அந்த பெஞ்சுலயே உசுரு போயிடக் கூடாதான்னு இருந்துச்சு. அவரு மானத்தைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் நான் ஊரைச் சுத்தி வந்திருக்கேன். அவரு முப்பத்தஞ்சு வருஷமா காப்பாத்திக்கிட்டு இருந்தது என் மானத்தை. ஒரு அறை விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவரு டீ டம்ளரை என் கையில குடுத்துட்டு, அடியில கொஞ்சம் மிச்சம் இருக்குது, கீழ ஊத்திடுன்னாரு.

மதியம் மறுபடி கூப்பிட்டாங்க. டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, கல்லுத் தூசுதான், நெஞ்சுல கெட்டியாகி உட்கார்ந்திருக்குன்னாரு. டி.பி. மாத்திரை வேண்டாம், எல்லாத்தையும் நிறுத்திடலாம். ஆனா இதுக்குன்னு குணமாக்கற மருந்து எதுவும் கிடையாது, மூச்சைச் சமாளிக்க வழி சொல்றேன்னாரு. அப்பா சரி சரின்னு தலையாட்டினாரு. தொத்துமான்னு நான் கேட்டேன். தொத்தாது, அந்தப் பயமே வேண்டாம்னாரு டாக்டர்.

ஆட்டோ தெரு முனை திரும்பினப்பவே எதிர்வீட்டு அக்கா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்க மாமனாரும் புருஷனும் மில்லு மூடற வரைக்கும் மில்லுல இருந்தவங்க. அவங்க இப்ப துணி தச்சுக் குடுக்கறாங்க. சொல்தா ஐயாவுக்கு என்னா சொன்னாங்கன்னு கேட்டாங்க. வழக்கமா நான், ஒண்ணுமில்லக்கான்னு சொல்லிட்டு உள்ள போயிடுவேன். அன்னிக்கு அப்பாவைக் கையைப் பிடிச்சு இறக்கி விட்டுட்டு நடு வாசல்ல நின்னேன். இது டி.பி. இல்லக்கா, எங்கப்பா பிரான்சுல கரிச்சுரங்கத்துல பாறை வெட்டினவரு, அந்தத் தூசுதான் நெஞ்சுல தங்கிடுச்சுன்னு சத்தமாவே சொன்னேன்.

அந்த அக்கா அதிசயமா ஒண்ணும் பார்க்கல. எங்க மாமனாரும் இப்படித்தான், பஞ்சுத் தூசு, சாகற வரைக்கும் இருமினாரு, ராத்திரியில உட்கார்ந்த மேனிக்குத்தான் தூங்குவாருன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, இதை ஏண்டி இத்தனை வருஷமா சொல்லலன்னு கேட்டாங்க. அப்பா இடையில புகுந்து, சொல்தாவும்தான், மூணு வருஷம்னு திருத்தினாரு. அக்கா சிரிச்சாங்க. உங்க மாமனார் எந்த டிபார்ட்மெண்டுன்னு அப்பா கேட்டாரு. ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு தூசைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பேசறப்ப அப்பா ரெண்டு தடவை நிறுத்தி, வாயைக் குவிச்சு ஊதிக்கிட்டு, மறுபடி பேசினாரு. இவரு இவ்வளவு பேசுவாருன்னே நான் மறந்து போயிருந்தேன்.

நான் உள்ள போய்ப் பேத்தியைக் கீழ வரச் சொல்லி மாடிக்குக் குரல் குடுத்தேன். அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரே வரியில மெயில் போட்டேன். மொரோக்கோ இல்ல, புதுச்சேரின்னு எழுதுங்க, மீதியைப் பின்னால அனுப்பறேன்னு. தனியா வெச்சிருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்து மத்த பாத்திரத்தோட கலந்து போட்டேன். காபி போட்டு, வர்ற வழியில வாங்கின பன்னோட அப்பாவுக்குக் குடுத்தேன். விளக்கு டி.வி. மேடை மேல இருந்துச்சு. அவரு பன்னைக் காபியில முக்கி முக்கித் தின்னாரு.

டம்ளர் எடுக்கப் போனப்ப தட்டுல கால்வாசிப் பன் மிச்சம் இருந்துச்சு. பழக்க தோஷத்துல கை பேப்பரைத் தேடுச்சு. அப்பா என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. பேப்பரை விட்டுட்டு, அவரு பக்கத்துல தரையில உட்கார்ந்து, அந்தப் பன்னை எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைச்சுட்டு, நான் மென்னு முழுங்கற வரைக்கும் பார்த்தாரு.